தட்டை யார் வாங்குவது

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு சீப்பு பூவன்பழத்திலிருந்து வந்தது. அதில் மிச்சமிருக்கும் பழங்கள் என் சமையல் மேடையில் கிடக்கின்றன. தோல் கறுக்க ஆரம்பித்துவிட்டது. அவை கெடுவதற்குள் கதையை முடித்துவிட வேண்டும் என்று ஒரு வெறி பிடித்திருக்கிறது எனக்கு. எத்தனையோ கதை எழுதியிருக்கிறேன், இந்த அளவுக்குக் கை பரபரத்ததில்லை. குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு விசிலைக்கூட எண்ணாமல் வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் கனகம். கோயம்புத்தூரில், பம்புசெட் கம்பெனி வைத்திருக்கும் ஒரு குடும்பத்தின் மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். கீழே வீட்டுக்காரர்கள், தங்களுக்குள் தெலுங்கு பேசுகிறவர்கள். வெங்கடபதி ஐயா, அவர் மனைவி ராமாமணியம்மா, அவர்களுடைய ஒரே மகள் சாய்ப்ரியா. சாய்ப்ரியா ஒரு பொறியியல் கல்லூரியில் பேராசிரியை. கதை நடந்தது கீழ் வீட்டு ஹாலில், போன ஞாயிற்றுக்கிழமை காலையில். நானும் அங்கே இருந்தேன். இருந்ததுதான் சிக்கல். இல்லாமல் இருந்திருந்தால் இஷ்டத்துக்கு அளந்துவிட்டிருப்பேன்.

விஷயம் சின்னது. ஒரு பெண்ணுக்கு ஒரு பரிந்துரைக் கடிதம் தேவைப்பட்டது. அதை அவள் கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

2

முதல் தொடக்கத்தை இப்படி எழுதினேன்:

மலையின் மேல் மேகம் கவிந்திருந்த அந்தக் காலையில், இளவேனிலின் கண்கள்—

அடித்துவிட்டேன். மலைக்கும் இந்தக் கதைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இளவேனிலின் கண்களை அன்று காலை யாரும் பார்க்கவும் இல்லை. அவள் வாசலில் நின்ற காருக்குள் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

இரண்டாவது தொடக்கம்:

பரிந்துரைக் கடிதம் என்பது ஒருவரைப் பற்றி, அவரைத் தெரியாத ஒருவரிடம், அவர் பக்கத்தில் இல்லாதபோது நல்லதாக நாலு வார்த்தை சொல்வது. நம்மிடையே இது தானாக நடப்பதில்லை என்பதால்தான் அதற்குக் கையெழுத்து, முத்திரை, கடைசித் தேதி என்று இத்தனை—

இது பரவாயில்லை. ஆனால் கட்டுரை வாடை அடிக்கிறது. அடிக்காமல் வைத்திருக்கிறேன், பின்னால் எங்காவது உதவும்.

மூன்றாவது தொடக்கத்தை நான் எழுதவில்லை. அது இளவேனிலின் வாட்ஸப்பில் இருந்தது. அவளே காட்டினாள்.

'குட் மார்னிங் மேம்.'

'குட் மார்னிங் மா.'

'சாப்டீங்களா மேம்?'

'ஆச்சு. நீ?'

'சாப்டேன் மேம். இங்க தொண்டாமுத்தூர்ல நல்ல மழைங்க மேம்.'

இதற்குச் சாய்ப்ரியா கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பியிருக்கிறாள். மறுநாள் மறுபடியும் குட் மார்னிங். இப்படியே வாரக்கணக்கில். மழை நின்ற தகவல், மறுபடி பிடித்த தகவல், பொங்கல் வாழ்த்து எல்லாம் இருக்கின்றன. கடிதம் என்ற சொல் மட்டும் எங்கேயும் இல்லை. படித்துவிட்டு எனக்குச் சிரிப்பும் வந்தது, அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது.

3

இளவேனிலை அறிமுகப்படுத்த வேண்டும். தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன்.

தொண்டாமுத்தூர்ப் பக்கத்துப் பெண். அப்பா மாரப்பன், தேங்காய் மண்டியில் மேஸ்திரி. அம்மா சின்னாத்தாள், தோட்ட வேலைக்குப் போகிறவர். அவர்கள் குடும்பத்தில் யாருக்கும் சொந்தமாக ஒரு தென்னை மரம்கூட இருந்ததில்லை. அடுத்தவர் தோப்பில் வேலை செய்தே தலைமுறைகள் போயின. அண்ணன் தமிழ்வேந்தன் கடன் வாங்கி ஒரு கார் எடுத்து டாக்ஸி ஓட்டுகிறான். இளவேனில் சாய்ப்ரியாவின் மாணவி. கடைசி வருடத்தில், யானை தோட்டத்துக்குள் வந்தால் தரையின் அதிர்வை வைத்துக் கண்டுபிடித்து மணியடிக்கும் ஒரு கருவியைச் செய்தாள். எல்லோர் முன்னாலும் செய்துகாட்டிய அன்று, துறைத்தலைவர் எழுந்து நடந்தபோது அந்த மணி அடித்துவிட்டது. அவர் கொஞ்சம் கனத்த சரீரம். அரங்கமே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை.

அந்த வெட்கத்தில்தான் அவள் சாய்ப்ரியாவிடம் கேட்க முடியாமல் கிடந்தாள். நெதர்லாந்தில் ஒரு பல்கலைக்கழகம், முழு உதவித்தொகையோடு மேற்படிப்பு. எல்லாம் அனுப்பியாகிவிட்டது, கடிதம் ஒன்று மட்டும் பாக்கி. அதை ப்ராஜெக்டுக்கு வழிகாட்டிய பேராசிரியர்தான் தர வேண்டும், வேறு யார் எழுதினாலும் செல்லாது. ஞாயிறு கழிந்தால் திங்கள் கடைசி நாள்.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் அழுவதைப் பார்த்துச் சின்னாத்தாள் என்னவென்று கேட்டிருக்கிறார். இன்னும் கேட்கவே இல்லை என்று தெரிந்ததும் அவர் சொன்னதை இளவேனில் எனக்கு அப்படியே சொன்னாள். "போன்ல கேக்கற சங்கதியா கண்ணு இது? ஊட்டுக்குப் போய்க் கேக்கோணும். வெறுங்கையோட போகக்கூடாது."

4

இங்கே கதையைச் சற்று நிறுத்தி, கேட்பதைப் பற்றிப் பேச வேண்டும். (அவசரப்படாதீர்கள். எனக்கும் அவசரம்தான், பழம் அழுகுகிறது.)

எங்கள் பக்கத்தில் யாரும் யாரிடமும் நேராக எதையும் கேட்பதில்லை. வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, மழை பெய்ததா, தேங்காய் என்ன விலை போகிறது, பெரியவருக்கு முட்டிவலி தேவலையா என்று ஊர்ச் சமாச்சாரம் எல்லாம் முடித்து, எழுந்து, செருப்பை மாட்டி, கேட்டில் கை வைத்த பிறகு திரும்பி, "அப்புறம் இன்னொரு சங்கதிங்க" என்று ஆரம்பிப்போம். வந்ததே அந்தச் சங்கதிக்காகத்தான். இது கேட்பவருக்கும் தெரியும், கேட்கப்படுபவருக்கும் தெரியும். மறுக்க வேண்டியிருந்தால் அவருக்குக் கஷ்டம் வரக்கூடாது என்று வாசல்வரை போய்விட்டுக் கேட்கிறோம். மரியாதையில் எங்களை அடித்துக்கொள்ள ஆளில்லை.

ஆனால் அந்த மரியாதைக்கு அடியில் என்னவெல்லாம் கிடக்கிறது என்பதும் எங்களுக்குத் தெரியும்.*

* நான் வீடு கேட்டு வந்த அன்று ராமாமணியம்மா என்னிடமும் கேட்டார். "நீங்க எந்தூருங்க? அங்க யாரு ஊட்டுப் பக்கமுங்க?" எத்தனை மரியாதை பாருங்கள். என் பதிலில் அவருக்குத் திருப்தி, சாவியைக் கொடுத்தார். அது என்ன பதிலாக இருந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். இந்தக் கதை சொல்கிறவளும் வானத்திலிருந்து குதித்தவள் இல்லை.

5

இப்போது தட்டு.

ஞாயிற்றுக்கிழமை காலை தமிழ்வேந்தன் பூ மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறான். பெரிய இடத்தில் ஒன்று கேட்கப் போகிறோம், தட்டு வைக்க வேண்டும் என்று கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறான். கடைக்காரர் அவனை மேலும் கீழும் பார்த்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையையும் பார்த்து, ஒரு புன்னகையோடு அத்தனையும் கட்டிக் கொடுத்துவிட்டார். பூவன்பழச் சீப்பு, மட்டைத் தேங்காய், ஒரு கவுளி வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், கற்கண்டு, மூன்று முழம் மல்லிகை. சின்னாத்தாள் காலண்டரில் நல்ல நேரம் வேறு பார்த்திருந்தார்.

ஆக, வளர்பிறை ஞாயிறு, நல்ல நேரம். ஒரு அப்பா, பட்டுப்புடவையில் ஒரு அம்மா, வெள்ளைச் சட்டையில் ஒரு வாலிபன், நடுவில் நிறைந்த தாம்பாளத்தட்டு. கேட்டைத் திறந்துகொண்டு வருகிறார்கள். அந்த வீட்டில் முப்பத்தைந்து வயதில் கல்யாணமாகாத பெண் ஒருத்தி இருக்கிறாள். நீங்கள் ராமாமணியம்மாவாக இருந்தால் என்ன நினைப்பீர்கள்?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அதற்கு முந்தின மாதம் சாப்பாட்டு மேசையில் வரன் பேச்சு வந்தபோது, யாராக இருந்தாலும் பரவாயில்லை, ஜாதகமும் வேண்டாம், சாதியும் வேண்டாம் என்று சாய்ப்ரியா மாடியில் எனக்குக் கேட்கும் சத்தத்தில் சொல்லியிருந்தாள். அன்றிலிருந்து ராமாமணியம்மா காலிங்பெல் அடித்தாலே திடுக்கிட்டுக்கொண்டிருந்தார்.

வெங்கடபதி ஐயா கோபிசெட்டிபாளையத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். சாய்ப்ரியா எண்ணெய் தேய்த்துக் குளித்துக்கொண்டிருந்தாள். ராமாமணியம்மா படிக்கட்டடியில் நின்று என்னை அழைத்தார். "கனகம், சித்தெ கீழ வாரீங்களா?" அந்தக் குரலைக் கேட்டு ஏதோ கேஸ் லீக் என்று நினைத்து ஓடினேன்.

6

நான் ஹாலுக்குள் நுழைந்தபோது மாரப்பன் சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தார். தமிழ்வேந்தன் அவர் பக்கத்தில். சின்னாத்தாள் நின்றுகொண்டிருந்தார். இரண்டு கையிலும் தட்டு.

சின்னாத்தாளிடம் ஒரு வழக்கம் உண்டு. தட்டைக் கொடுத்த பிறகுதான் வந்த சங்கதியைச் சொல்ல வேண்டும், கொடுப்பதற்கு முன் வாய் திறக்கக்கூடாது, தட்டைக் கீழேயும் வைக்கக்கூடாது. எந்த ஊர் வழக்கம் என்று எனக்குத் தெரியாது, அவர் அப்படித்தான்.

ராமாமணியம்மாவிடமும் ஒரு வழக்கம் இருந்தது. தட்டை வாங்கினால் பாதி நிச்சயம். அதனால் சங்கதி தெரியாமல் வாங்கக்கூடாது.

புரிகிறதா? இவர் வாங்கினால்தான் அவர் சொல்வார். அவர் சொன்னால்தான் இவர் வாங்குவார். நடுவில் மாரப்பன், பருவமழை இந்தத் தடவை பரவாயில்லை என்றார். ஆமாங்க, சிறுவாணியில் நல்ல தண்ணி என்றார் ராமாமணியம்மா. மாரப்பன் தேங்காய் விலை சொன்னார். ராமாமணியம்மா முட்டிவலி சொன்னார். எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

காபி வந்தது. எந்த டம்ளரில் வருகிறது என்று நான் பார்த்தேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள், மறைக்க வேண்டாம். முந்தின வாரம் பூஜைக்கு வாங்கிய காகிதக் கப் அலமாரியில் அடுக்கியிருந்தது. அதில் வரவில்லை. எனக்குத் தரும் அதே கண்ணாடி டம்ளர்கள்தான் வந்தன. அப்பாடா என்றிருந்தது. ராமாமணியம்மாவை மோசமான மனுஷியாக எழுத எனக்கு விருப்பமில்லை, வாடகைக்காகச் சொல்லவில்லை.

ஆனால் தட்டோடு நிற்கும் சின்னாத்தாள் எந்தக் கையால் காபியை எடுப்பார்? அவர் எடுக்காததால் மாரப்பனும் எடுக்கவில்லை. அப்பா எடுக்காததால் மகனும் எடுக்கவில்லை. ராமாமணியம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. சம்பந்தம் பேச வந்தவர்கள் சம்மதம் கிடைக்காமல் கை நனைக்கமாட்டார்கள். அவருக்கு இருந்த கொஞ்ச நஞ்சச் சந்தேகமும் தீர்ந்தது. இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டார்.

7

நேற்று வரை இந்த இடத்தில் கதை வேடிக்கையாகவே ஓடிக்கொண்டிருந்தது. இளவேனிலுக்கு அனுப்பி, நன்றாக இருக்கிறதா கண்ணு என்று கேட்டேன். அவள் உடனே போன் செய்தாள்.

"நல்லா சிரிப்பா இருக்குங்க அக்கா. ஆனா எங்கம்மா அங்க என்ன நெனச்சாங்கன்னு நீங்க எழுதவே இல்லைங்களே."

எழுதவில்லைதான். ராமாமணியம்மாவின் தலைக்குள் குடியிருக்கிற மாதிரி எழுதிக்கொண்டு போயிருக்கிறேன், சின்னாத்தாளுக்குக் கையையும் தட்டையும் மட்டும் கொடுத்திருக்கிறேன். மறுபடி எழுதுகிறேன்.

7 (மறுபடியும்)

சின்னாத்தாள் அந்த முந்தானையைப் பார்த்தார். சுருட்டி உள்ளே போன கைகளைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த கைகள் அவை. சின்ன வயதில் எத்தனையோ வாசல்களில், கொண்டுவந்ததைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்து நிற்கச் சொன்ன கைகள். இவர் தன்னிடமிருந்து வாங்கமாட்டார், அதற்குத்தான் இத்தனை மழைப்பேச்சு என்று அவர் நினைத்தார். சம்பந்தம் என்ற எண்ணமே அவருக்கு இல்லை. சுவரிலிருந்த பெருமாள் படத்தைப் பார்த்தபடி, இது மகளுக்காக, இன்னும் கொஞ்ச நேரம் நிற்கலாம் என்று நின்றிருக்கிறார்.

ஒருவர் வாங்கவில்லை. அதற்கு ஹாலில் இரண்டு காரணங்கள் இருந்தன. இரண்டும் வேறு வேறு என்று முதலில் எழுதினேன். பிறகு அந்த வரியை அடித்தேன், உற்றுப் பார்த்தால் அடியில் இரண்டுக்கும் ஒரே வேர்தான்.

அம்மா நினைத்தது தமிழ்வேந்தனுக்கும் புரிந்தது. தாடை இறுக, அம்மாவைப் பார்த்து மெதுவாக, "போலாம்மா," என்றான்.

சின்னாத்தாள் அசையவில்லை.

8

சாய்ப்ரியா குளித்து முடித்து வந்தபோது அவளுடைய ஈரக் கூந்தலிலிருந்து—

வேண்டாம். தலையில் துண்டு கட்டியிருந்தாள், அவ்வளவுதான். இளவேனிலின் வீட்டாரை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. தட்டைப் பார்த்தாள், வெள்ளைச் சட்டையைப் பார்த்தாள், அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கும் அதேதான் தோன்றியிருக்கிறது, பின்னால் என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ஆனால் அப்போது சிரிக்கவில்லை. தமிழ்வேந்தனுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"நீங்க என்ன பண்றீங்க?"

"டாக்ஸி ஓட்டறேனுங்க மேம்."

"சொந்த வண்டிங்களா?"

"லோனுங்க மேம்."

ராமாமணியம்மா கண்ணை மூடிக்கொண்டார். உதடு மட்டும் தெலுங்கில் யாரையோ வேண்டிக்கொண்டிருந்தது. என் நிலைமையைச் சொல்லவே வேண்டாம். எழுதுகிறவளுக்கு இப்படி ஒரு கட்டம் வாழ்நாளில் ஒருமுறை வாய்க்கும். வெள்ளைச் சட்டையும் ஈரத்துண்டும் எதிரெதிரே. இரண்டு பக்கம் காதல் கதை எழுதிவிட்டேன். அதில் தமிழ்வேந்தன் மருதமலை அடிவாரத்தில் காரை நிறுத்தி, மேம், உங்ககிட்ட ஒண்ணு—

கிழித்துப் போட்டேன். அவனுக்கு அந்த நேரத்தில் இருந்ததெல்லாம் அம்மாவின் நடுங்கும் மணிக்கட்டைப் பற்றிய கவலை மட்டும்தான். அதைத் தாண்டி அவன் தலையில் நான் எதையும் ஏற்றக்கூடாது.

அந்த மணிக்கட்டை இன்னொருத்தியும் பார்த்துவிட்டாள். ஹால் ஜன்னல் வழியாக, காரிலிருந்து.

9

செருப்பைக் கழற்றக்கூட இல்லை. நேராக உள்ளே வந்தாள் இளவேனில். யாரையும் கும்பிடவில்லை, மழை பெய்ததா என்று கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் அப்படி ஒருவர் கேட்டு நான் அதுவரை பார்த்ததில்லை.

"மேம், எனக்கு ஒரு ரெகமெண்டேஷன் லெட்டர் வேணும். நாளைக்குக் கடைசி நாள். டெமோல சொதப்புனது நான்தான். அப்புறம் அம்மா வேலைக்குப் போற தோட்டத்து வரப்புலயே வெச்சு அதைச் சரி பண்ணிட்டேன், இப்ப மனுசன் நடந்தா அடிக்கறதில்ல. அதைச் சொல்லத்தான் தினமும் குட் மார்னிங் போட்டேன், சொல்ல வரலை. உங்களால எழுத முடியாதுன்னா இப்பவே சொல்லிருங்க மேம். எங்கம்மாவுக்குக் கை வலிக்குது."

சாய்ப்ரியாவின் வாய் திறந்தபடி இருந்தது.

முதலில் அசைந்தவர் ராமாமணியம்மா.

"லெட்டருக்குங்களா?" என்றார். முந்தானைக்குள்ளிருந்து இரண்டு கைகளும் பாய்ந்து வெளியே வந்தன. சின்னாத்தாளிடமிருந்து தட்டை வாங்கினார். வாங்கினார் என்பது போதாது, பறித்தார். முகமெல்லாம் சிரிப்பு. "அட, இதுக்குத்தானுங்களா? இதைச் சொல்றதுக்கென்ன கண்ணு? நான் வேற என்னமோன்னு நெனச்சுப்போட்டேன்."

அந்தச் சந்தோஷம் பொய்யில்லை. அதுதான் வினை. அந்த ஹாலில் இருந்த எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிந்துவிட்டது, அவர் எதற்குப் பயந்தார், எது இல்லை என்று தெரிந்ததும் இப்படிப் பூரித்துப்போனார் என்று. மாரப்பன் தரையைப் பார்த்தார். தமிழ்வேந்தன் தன் வெள்ளைச் சட்டையைப் பார்த்துக்கொண்டான்.

சின்னாத்தாள் மணிக்கட்டைத் தேய்த்துவிட்டுக்கொண்டே, கோபமே இல்லாத குரலில் கேட்டார்.

"ஏனுங்கம்மா, நீங்க வேற என்னன்னு நெனச்சீங்க?"

10

காபி ஆறிவிட்டது, வேறு கொண்டுவருகிறேன் என்று ராமாமணியம்மா தட்டோடு உள்ளே போய்விட்டார்.

சாய்ப்ரியா மடிக்கணினியைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்து, அங்கேயே, தலைத்துண்டோடு உட்கார்ந்து எழுதினாள். முதல் வரியைத் தமிழில் சொல்லிக் காட்டினாள்: தன் தவறு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும்வரை தூங்காத பெண் இவள். அடுத்து, ஒன்றைக் கேட்பதற்கு அதிக நேரம் எடுத்துக்கொள்வாள், ஆனால் கேட்டால் மறக்க முடியாதபடி கேட்பாள் என்றும் எழுதட்டுமா என்றாள். இளவேனில் சிரித்துக்கொண்டே அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன். கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று திரையில் பச்சை எழுத்து வந்தபோது மாரப்பன் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

புதுக் காபி வந்தது. வேண்டாமுங்க, நேரமாச்சு, இன்னொரு நாள் ஆகட்டும் என்று சின்னாத்தாள் எழுந்துவிட்டார். அத்தனை மரியாதையாகச் சொன்னார். அந்த வீட்டில் அவர்கள் கை நனைக்கவில்லை.

ராமாமணியம்மா பழச்சீப்பை மாடிக்கு என்னிடம் கொடுத்தனுப்பிவிட்டார். அவர் அதில் ஒன்றுகூட எடுக்கவில்லை என்று சாய்ப்ரியா சொன்னாள்.

11

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

அவற்றில் ஒன்றில் ராமாமணியம்மா அப்போதே உண்மையைச் சொல்கிறார், சின்னாத்தாள் வாய்விட்டுச் சிரிக்கிறார். அழகாகத்தான் இருந்தது, நான்தான் நம்பவில்லை. இன்னொன்றில் ராமாமணியம்மா பொய் சொல்கிறார், யாரோ நன்கொடை கேட்டு வந்தார்கள் என்று நினைத்தேன் என்கிறார். இதை நம்பினேன், பிடிக்கவில்லை. வேறொன்றில் நெதர்லாந்திலிருந்து இளவேனில் படம் அனுப்புகிறாள், பின்னால் பனி பெய்கிறது. (உதவித்தொகை முடிவு இன்னும் வரவில்லை. வராததை எழுதி அவளுக்குக் கண் பட வைக்கமாட்டேன்.)

இளவேனிலிடம் கேட்டேன். அந்தக் கேள்விக்கு உங்கம்மாவுக்கு உண்மையிலேயே விடை தெரியாதா?

"தெரியுமுங்க அக்கா. தெரிஞ்சுதான் கேட்டாங்க. அந்தம்மா வாயால வரட்டும்னு."

12

இத்தோடு நிறுத்திவிடலாம் என்று நினைத்திருந்தேன். இன்று காலை ராமாமணியம்மா மாடி ஏறி வந்தார்.

தண்ணீர்த்தொட்டி ரொம்பி வழிந்ததைப் பற்றிக் கேட்டார். குழாயில் வாஷர் மாற்ற வேண்டும் என்றார். என் மேசையைப் பார்த்து, இதெல்லாம் நம்ம ஊட்டுக் கதைங்களா என்றார். ஆமாங்க என்றேன். காலி பண்ணச் சொல்லிவிடுவாரோ என்று பயம் எனக்கு. எழுந்தார். செருப்பைப் போட்டார். இரண்டு படி இறங்கி, திரும்பினார்.

"அப்புறம் ஒரு சங்கதிங்க கனகம். அந்தத் தட்டு நம்ம ஊட்டுலயே நின்னுபோச்சு."

நானும் ஒரு படி இறங்கினேன்.

"நம்ம டிரைவர்கிட்டக் குடுத்தனுப்பலாம்னு பார்த்தேன். மனசு ஒப்பலைங்க. வெறுந்தட்டாக் குடுக்கவும் கூடாது. என்ன வெக்கறதுன்னுதான்..." கைப்பிடிச் சுவரைத் தேய்த்துக்கொண்டே நின்றார். "அவங்க கேட்டதுக்கு நான் ஒண்ணும் சொல்லலைங்களே. போய்ச் சொல்லோணும். நீங்களும் கூட வந்தீங்கன்னா தைரியமா இருக்கும்."

தொண்டாமுத்தூருக்கா என்று கேட்டேன்.

"அவங்க ஊட்டுக்குத்தானுங்க."

13

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கீழே காரின் ஹாரன் அடிக்கிறது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். ராமாமணியம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பின் சீட்டில் உட்கார்ந்திருக்கிறார். மடியில் தட்டு. மேலே ஒரு துண்டு போட்டு மூடியிருக்கிறார், உள்ளே என்ன என்று தெரியவில்லை. சாய்ப்ரியாதான் ஓட்டப்போகிறாள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. குக்கரை அணைத்துவிட்டேனா? அணைத்துவிட்டேன்.

மிச்சக் கதை உங்கள் கையில். நான் பார்த்துவிட்டு வந்து எழுதினால் அது நடந்தது மட்டுமாகத்தான் இருக்கும். கொஞ்ச நேரத்தில் நாங்கள் தொண்டாமுத்தூர் போய்விடுவோம். ராமாமணியம்மா இரண்டு கையிலும் தட்டைப் பிடித்துக்கொண்டு அவர்கள் வாசலில் நிற்பார். வாழ்க்கையில் முதல்முறையாக, அவர் கொண்டுபோனதை வாங்குவதா வேண்டாமா என்று சின்னாத்தாள் முடிவு செய்ய வேண்டும். எதிரே நிற்கும் சின்னாத்தாளின் கைகளை நீங்கள் எழுதுங்கள். வாங்குவது என்றாலும் சரி, முந்தானைக்குள் சுருட்டிக்கொள்வது என்றாலும் சரி.

ஒன்றே ஒன்று. உடனே வாங்க வைத்துவிடாதீர்கள். முதலில் மழையைப் பற்றிப் பேசட்டும், தேங்காய் விலையைப் பற்றிப் பேசட்டும். ராமாமணியம்மாவுக்கும் கொஞ்ச நேரம் கை வலிக்கட்டும்.